கண்ணாடியில் பூசிய திருநீறு

காலை ஏழு மணிக்கு லூபோக் சீனாவிலிருந்து கிளம்பினோம். முந்தின நாள்தான் ஈப்போவிலிருந்து வந்திருந்தேன். காரில் பக்கத்து இருக்கையில் அந்த ஊரிலேயே இருக்கும் என் பெரியம்மா மகள் சரோஜா அக்கா. அவருடைய ஒரே மகன் தினேஷ் போதைப்பொருள் வழக்கில் விசாரணைக் கைதி. அன்று அவன் பிறந்தநாள். சிறைக்குப் போய், எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருநீற்றை அவன் நெற்றியில் பூசிவிட வேண்டும், அவ்வளவுதான் அக்காவின் ஆசை.

இருபுறமும் செம்பனை. வழியில் சாலையோர ஒட்டுக்கடையில் தேநீர் குடித்து இரண்டு வெள்ளி கொடுத்தேன். கண்ணாடிக்கு இப்பால் நின்றுதான் பேச முடியும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“கேட்டா விடுவாங்க லா தம்பி,” என்றார் அக்கா.

சிறையின் பெயரை எழுதப்போவதில்லை. நாட்டில் நம்மவர்கள் கொஞ்சம்பேர்தான் என்கிறவர்கள் அந்தக் காத்திருப்புக் கூடத்துக்கு வந்து பார்க்கட்டும்.

சோதனையில் அக்காவின் பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் பொட்டலம் வந்தது. உள்ளே வெள்ளைப் பொடி. பூசாரி கட்டிக்கொடுத்ததை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்! காவலர் தமிழர். மணிக்கட்டில் அம்மன் கயிறு. ஆனால் இது என்னவென்று மலாயில் கேட்டார். திருநீறு என்று அக்கா தமிழில் சொன்னார். தெரியாத பொருளோடு உள்ளே விட முடியாது என்று மறுபடி மலாயிலேயே சொல்லி, எங்களை ஓரமாக நிறுத்திவிட்டார். தெரியாதாம்! கயிறு கட்டத் தெரிந்தவருக்குத் திருநீறு தெரியாதாம்!

அப்போது பெரிய கார் ஒன்று வந்தது. இறங்கியவர் நெற்றி நிறையப் பட்டை. காவலர் ஓடினார்.

“வாங்க டத்தோ, வெயில்ல நிக்காதீங்க, இப்படி வாங்க.”

பட்டம் வாங்கியவருக்குத் தேன் மாதிரித் தமிழ். என்னால் பொறுக்க முடியவில்லை. “டத்தோ நெத்தியில இருக்கறது என்னன்னு தெரியுதுங்களா?” என்று காவலரிடம் கேட்டேவிட்டேன்.

காவலர் என்னைப் பார்க்கவில்லை. தாழ்ந்த குரலில், “குப்பைத்தொட்டியில போட்டுட்டு உள்ள போங்கக்கா,” என்றார். இப்போது மட்டும் அக்கா.

அக்கா பொட்டலத்தைப் பிரித்து, அத்தனையையும் தன் நெற்றியில் அப்பிக்கொண்டார். வெறும் பிளாஸ்டிக்தான் தொட்டிக்குப் போனது.

தினேஷ் இளைத்திருந்தான். உள்ளே எப்படி என்று தொலைபேசியில் கேட்டேன்.

“வெளிய மாதிரியேதான் மாமா. ஆளு இருக்கறவன் உக்காந்திருப்பான். எஸ்டேட் பையங்க கக்கூஸ் கழுவுவோம்.”

தொலைபேசியை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தினார். அவனும் குனிந்து, அந்த இடத்திலேயே தன் நெற்றியை வைத்தான். நேரம் முடிந்து அவனை அழைத்துப்போகும்வரை இருவரும் நெற்றியை எடுக்கவில்லை.

கண்ணாடியில் சாம்பல் அப்படியே இருந்தது. அதைத் துடைத்துவிட்டுப் போகும்படி அந்தக் காவலர் உள்ளே வந்து சொன்னார், மலாயில்தான். அக்கா முந்தானையால் துடைத்தார்.

லூபோக் சீனா வரும்வரை அந்த முந்தானையை அவர் உதறவே இல்லை.