ஆ காட்டு அக்கா

போதை சிகிச்சை மையத்தில் மாத்திரை கொடுக்கும் நர்சின் சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. 'ஆ காட்டு அக்கா' என்றால்தான் தெரியும். போதை ஏக்கத்தை அடக்கும் அந்த மாத்திரை அங்கேயே நாக்குக்கு அடியில் கரைய வேண்டும்; வாயில் ஒளித்துக் கொண்டுபோய் விற்பவர்களும் உண்டு. கரைந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் பதிவேட்டில் டிக் போடுவாள். எப்பேர்ப்பட்ட சண்டியரும் அவள் முன்னால் வாயைத் திறந்தே ஆக வேண்டும். பதினோரு வருஷத்தில் ஊரின் சொத்தைப் பற்களெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த வரிசையில் அவளுடைய தம்பியும் நின்றான். ஆலையில் அவனுக்கு வேலை ஏழு மணிக்கு. மையம் திறப்பதோ எட்டுக்கு. இனியும் தாமதமாக வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் பழைய சகவாசம் வாசலில் வந்து நிற்கும் என்று அக்காவுக்குத் தெரியாதா?

மையத்தில் அப்போது ஓர் ஆய்வு நடந்தது. ஆறு மாதம் ஒழுங்காக வருபவர்களிடம் ஒரு வார மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்பலாமா என்பதுதான் கேள்வி. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி பதிவேட்டைப் பார்த்து நம்பினால்தான் அனுமதி.

அந்தப் பதிவேட்டில் ஒரு நாள் மட்டும் உதைத்தது. அன்று தம்பி தன் மகளோடு வந்திருந்தான். குழந்தை எதிரில் அவனை ஆ காட்டச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. விட்டுவிட்டாள். ஆனால் டிக் போடவில்லை. 'வாயைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது' என்று எழுதி வைத்தாள்.

"ஒரு டிக்குதானேக்கா? நான் கரைச்சது நிஜம்" என்றான் தம்பி.

"பாக்காததைப் பாத்தேன்னு எழுத மாட்டேன்டா. உனக்காகவும் மாட்டேன்."

அந்தப் பெண் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். சரியாக அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். அக்கா நடந்ததை அப்படியே சொன்னாள்.

"நாலு மையம் பாத்துட்டு வரேன். எதுலயும் ஒரு தப்புகூட இல்ல. அதுதான் உறுத்துச்சு. இதை நம்பலாம்" என்று கையெழுத்துப் போட்டார்.

அனுமதி வந்தது. தம்பி பூட்டுப் பெட்டியில் ஒரு வார மாத்திரையோடு போனான், வேலையும் நிலைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அவன் வீட்டுக்குப் போனபோது, மகள் டார்ச்சோடு நாற்காலி மேல் நின்றிருந்தாள். "ஆ காட்டுப்பா." அவனும் சமர்த்தாகக் காட்டினான்.

"கரைஞ்சிருச்சு அத்தை" என்று நோட்டை நீட்டினாள். வரிசையாக டிக். செவ்வாய்க்கிழமையில் மட்டும் கோணல் எழுத்தில், 'நான் தூங்கிட்டேன். பாக்கல.'

அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பக்கத்தை எதிர்வீட்டுக்காரியிடம்கூடக் காட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.