ஓட்டை இல்லாத போன்

“...அதெல்லாம் இருக்கட்டும் பாப்பா, ஓட்டை எங்கே? அதை மட்டும் காட்டு.”

இன்சார்ஜ் அக்கா தன் மகளிடம் இப்படிக் கேட்டது தெலுங்கு ஊரான ஜீடிமெட்லாவில், நாங்கள் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியின் கேன்டீனில். அவருடைய பழைய போன் தண்ணீர் ஜக்கில் சாய்ந்து நின்றது. அதன் உச்சியில் இருந்த சின்ன ஓட்டையில் செருகிய வெள்ளை வயர், அங்கங்கே மஞ்சள் பாய்ந்து, ஓரிடத்தில் பிளாஸ்திரி சுற்றி, அக்காவின் வலது காதில் போய் முடிந்தது. திரையில் ஐரோப்பாவில் இருக்கும் மகள். எங்களுக்கு மதியச் சாப்பாடு, அவளுக்குக் காலைக் காபி. மாத்திரை பேக்கிங் நடக்கும் இடத்துக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. நாளெல்லாம் லாக்கரில் கிடக்கும் அந்தப் போன் சாப்பாட்டு நேரத்தில்தான் அக்கா கைக்கு வரும். மகள் பேசுவது எங்களுக்குக் கேட்காது. அக்காதான் எடுத்துச் சொல்வார், கிரிக்கெட் வர்ணனை மாதிரி, நடுநடுவே தன் அபிப்பிராயத்தையும் சேர்த்து. எங்களுக்கு என்றால், அவர் வலப்பக்கம் உட்காரும் எனக்கும், எதிரில் உட்காரும் ஸ்டோர்ஸ்காரருக்கும்.

அக்காவின் அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு இங்கே வந்தவர். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த அக்காவின் தமிழில், ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று உருது தாராளமாகக் கலந்திருக்கும். நான் திருநெல்வேலிக்காரன், பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன். மனுஷர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவனுக்கு அந்தப் பேச்சு விருந்து. ‘ஏன்’ என்பதற்கு அவர் சொல்லும் ‘கைக்கு’ என்கிற ஒரு சொல்லுக்காகவே அவர் பக்கத்தில் இடம் பிடிப்பேன். எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, “ஹவ், சொல்வாங்க. கைக்கு சொல்றாங்க?” என்பார். புது மெஷின் வந்தாலும், சம்பளத்தைக் கூட்டினாலும், பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாலும் அதே கேள்விதான். சந்தேகம் ஒட்டுவாரொட்டி. அவரோடு பழகிய பிறகு டீக்கடைக்காரர் கூடுதலாகப் பால் ஊற்றினால் நானும் டம்ளரை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

மகள் ஒரு புதுப் போனுக்கு அப்போது முன்பதிவு செய்திருந்தாள். பூமியைக் கெடுக்காத போன் என்று பேர். இன்னும் வெளிவரவில்லை. வந்ததும் அம்மாவுக்கு அனுப்பப் போகிறாள். தினமும் அதைப் பற்றி ஒரு சேதி. பின்மூடியை நகத்தால் கழற்றலாம், பேட்டரியை நாமே மாற்றலாம், திரை உடைந்தால் நாலு திருகாணியை எடுத்துப் புதுசு வைக்கலாம். சுரங்கத்தில் உலோகம் எடுப்பவர்களுக்கு நியாயமான கூலி. ஒவ்வொன்றையும் அக்கா எங்களுக்குச் சொல்லிவிட்டு, உடனே அதைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பார். “கழட்டலாம் கழட்டலாம்னு இவ்ளோ பெருமையா சொல்றானே, கழட்ட வேண்டி வரும்னு அவனுக்கே தெரியுது.” கனம் கொஞ்சம் அதிகமாம் என்றால், “கெட்டியா இருக்கட்டும், அது சரி.” கேமரா சுமார்தானாம் என்றால், “என் மூஞ்சிக்கு அது போதும்.” இந்தியாவில் விற்பதில்லையாம் என்றதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். “அப்போ மாத்தறதுக்குத் திரை எங்கேர்ந்து வரும்? பிளைட்ல வரும். பூமி கெடாதா?” ஸ்டோர்ஸ்காரர் தெலுங்குக்காரர், எங்களோடு உட்கார்ந்து தமிழ் புரிந்துகொண்டவர். “மீரு வக்கீலு காவால்சிந்தி அக்கா” என்று சிரிப்பார். வக்கீலாகப் போயிருக்க வேண்டியவராம். “போயிருந்தா மொதல்ல உன் மேலதான் கேஸு” என்பார் அக்கா.

எனக்கு மட்டும் வேறு ஒரு சந்தேகம் வளர்ந்துகொண்டிருந்தது, அது அக்காவைப் பற்றியே. முந்தைய வருஷம் மருமகன் ஊருக்கு வந்தபோது வயர் இல்லாத இயர்போன் வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு வாரம்கூட அக்கா அதைப் போடவில்லை. ஏன் என்று கேட்டால், “உதடு முன்னாடி போவுது, குரல் பின்னாடி வருது. டப்பிங் படம் மாதிரி” என்றார். எல்லோரும் சிரித்தோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது எனக்கு அது உறைத்தது. பெற்ற மகள் பேசும்போது முகத்தைப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள். உதட்டை எதற்குப் பார்க்க வேண்டும்? அதன் பிறகு கவனித்தேன். மேஜையின் இடது ஓரத்து நாற்காலியை அவர் யாருக்கும் விடமாட்டார். அங்கே உட்கார்ந்தால் பேசுகிறவர் எல்லாம் எதிரிலோ வலப்பக்கமோதான் இருந்தாக வேண்டும். ஒரு நாள் வராந்தாவில் அவருக்கு இடப்பக்கமாக வந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. வலப்பக்கம் போய்க் கூப்பிட்டேன். திரும்பி என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. “தெரிஞ்சிடுச்சா தம்பி? இடது காது மொத்தமா போச்சு. வலதுல வயர் போட்டு சவுண்டை ஏத்தினாத்தான் உண்டு. பாப்பாகிட்ட மட்டும் நக்கோ.”

மாத்திரை அடிக்கும் மெஷின் பக்கத்தில் பாதி வயசைக் கழித்தவர் அவர். “அந்தச் சத்தத்துல காது போயிடும் மம்மி, வேலையை விட்டுட்டு இங்கே வந்துடு” என்று மகள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காது போனது தெரிந்தால் அடுத்த மாதமே டிக்கெட் வரும். லோத்குண்டாவில் தன் சாவியால் தானே திறந்து நுழையும் வீடு, இந்த வேலை, இந்த மேஜை எல்லாம் போய், பேசுவது புரியாத ஊரில், மருமகன் வீட்டில், காதும் கேட்காமல் உட்கார வேண்டியதுதான். அவரை இங்கே நிறுத்தி வைத்திருந்தது அந்த மஞ்சள் பாய்ந்த வயர்தான் என்றால் மிகையில்லை.

அதனால்தான் எல்லோர் பேச்சிலும் ஓட்டை தேடுகிற அக்கா அன்றைக்கு நிஜமான ஓட்டையைத் தேடினார். மகள் திரையில் போனின் படத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டியிருக்கிறாள். மேலே இல்லை, கீழே இல்லை, பக்கத்திலும் இல்லை. அக்கா கேட்டதற்குப் பதில் வந்தது. அதையும் எங்களுக்கு வர்ணனை செய்தார், ஆனால் குரல் இறங்கியிருந்தது. “ஓட்டையே கிடையாதாம். இடத்தை அடைக்குதாம், தண்ணி போகுமாம். வேணும்னா வயர் செருக சின்னதா ஒரு வால் தனியா வாங்கி மாட்டிக்கணுமாம். அதை மாட்டினா சார்ஜ் போட முடியாதாம்.” கொஞ்சம் பொறுத்து, “இல்லைன்னா காதுல வைக்கிற ரெண்டு பொட்டு அவங்களே விக்கிறாங்களாம். அதுக்கு ரெண்டு பேட்டரி, டப்பாவுக்கு ஒண்ணு. குப்பையைக் குறைக்கிற லட்சணத்தைப் பாரு” என்றார். ஸ்டோர்ஸ்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இப்போது அந்தப் போன் கம்பெனி அடுத்த போனை விடப் போகிறதாம். என் போனின் பேட்டரி உப்பிப் பின்மூடி பிதுங்கி நிற்கிறது. கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்கிறார். நகத்தால் கழற்றி மாற்றுகிற போன் எவ்வளவு நல்ல விஷயம் என்று இப்போது எனக்கே ஆசையாக இருக்கிறது. அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வெளிநாடு போகவில்லை, அதே லோத்குண்டா வீடு. மகள் கடைசியில் வாங்கிக் கொடுத்தது போன் அல்ல, காதுக்கு ஒரு மெஷின். அதையும் சந்தேகத்தோடுதான் மாட்டிக் கழற்றுகிறார். புதுப் போனின் படத்தை அவருக்கு அனுப்பினேன். “ஓட்டை?” என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கமும் பின்பக்கமும் பளிச்சென்று தெரிகின்றன. ஓரங்களை மட்டும் நிழலில் வைத்திருக்கிறார்கள். கைக்கு?

அன்றைக்குக் கேன்டீனில் மகள் விடவில்லை. பழகிக்கலாம் என்கிறாள் என்றார் அக்கா. அதோடு வர்ணனையை நிறுத்திக்கொண்டார். திரையில் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அக்கா வலது கையை வேஷ்டித் துணி மாதிரி வெளுத்துப்போன கைக்குட்டையில் துடைத்தார். “சரி, பழகித்தான் பாப்போம்” என்று வயரின் முனையை இரண்டு விரலால் பிடித்து ஓட்டையிலிருந்து உருவினார். பிறகு போனைக் குப்புறக் கவிழ்த்து மேஜையில் வைத்தார்.

முதல் தடவையாக அவருடைய மகளின் குரலை நாங்கள் கேட்டோம். “மம்மி? மம்மி, வினிபிஸ்துந்தா?” கேட்கிறதா என்று தெலுங்கில் கேட்டாள். மறுபடி கேட்டாள், இன்னும் சத்தமாக. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள்.

“என்ன சொல்றா?” என்று கேட்டுவிட்டு, அக்கா என் உதட்டைப் பார்த்தார்.