மூன்றாவது கூம்பு

ஜெர்மனிப் பயணத்தின் நடுவே, ஹம் நகரில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியின் வாசலில் நிற்கிறேன். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்றுதான் முதல் நாள். ஒவ்வொருவரும் தம்மில் பாதி உயரத்துக்கு ஒரு காகிதக் கூம்பை அணைத்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளே இனிப்பும் பென்சிலும். இந்த ஊரில் அது இல்லாமல் எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் தொடங்குவதில்லை. கதவில் பல மொழிகளில் ‘நல்வரவு’ எழுதிய மஞ்சள் அட்டை, தமிழும் இருக்கிறது!

பள்ளியில் உதவியாளராக இருக்கும் மேரி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். வழக்கம் தெரியாத புதுக் குடும்பங்களுக்கென்று வருடாவருடம் இரண்டு கூம்பு செய்துவைப்பாராம். இன்று மூன்று பிள்ளைகள் வெறுங்கையோடு வந்துவிட்டார்கள். மூன்றாவது, நெற்றியில் திருநீறோடு நிற்கும் அபிநயா. உதடு பிதுங்குகிறது.

“மணி அடிக்கப் போகுதே அக்கா, இனி முடியுமா?”

“ஓம், ஏலும். உங்கட பைக்குள்ள என்ன கிடக்கு, தம்பி?”

“மைசூர்பாகு. எர்லாங்கன்ல இருக்கிற நண்பனுக்கு.”

“அவர் பொறுத்துக்கொள்ளுவார். தாங்கோ!”

சொல்லிக்கொண்டே மஞ்சள் அட்டையைக் கதவிலிருந்து உரித்துச் சுருட்டுகிறார். நான் டேப் ஒட்டுகிறேன். டப்பாவை அப்படியே கூம்புக்குள் இறக்குகிறோம்.

மணி அடிக்கிறது. சிலுவைக்குக் கீழே கதவு வெறுமையாக இருக்கிறது. நல்வரவு அபிநயாவின் கையில் உள்ளே ஓடுகிறது.