படையலுக்கு எது பொருத்தம்?

மழைக்காலத்துக்குச் சிவப்பு வைன்தான் ஏற்றது என்று இணையத்தில் படித்துவிட்டு, இன்று மாலை கள்ளக்குறிச்சியில் கடை வரிசையில் நின்றேன்.

முன்னால் நின்றவருக்கு அதை விளக்கவும் செய்தேன். கோடைக்கு வெள்ளை வைன், குளிருக்கு பிராந்தி, விருந்துக்கு விஸ்கி.

பொறுமையாகக் கேட்டவர், "படையலுக்கு இன்னா சார் வாங்கறது?" என்றார்.

அவருடைய அப்பா பாக்கெட் சாராயம் குடித்து இறந்தவர். எட்டாம் நாள் வைத்த சோற்றைக் காகம் தொடவில்லை. "அவனுக்குப் புடிச்சத வைக்காம காக்கா எப்படிடா வரும்?" என்று சித்தப்பா சத்தம் போட்டிருக்கிறார். நாளை கருமாதி.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"'அதான அந்த மனுசன வாரிக்கினு போச்சு, பாட்டிலோட வந்தா வூட்டுல கால் வைக்காத'ன்றாங்க சார்."

நான் படித்த கட்டுரையில் இதற்கு விடை இல்லை. கோப்பையை எப்படிப் பிடிப்பது என்றுதான் இருந்தது.

அவர் முறை வந்தது. அலமாரியிலிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யோவ், பொண்ணா பாக்க வந்த? வாங்கினு நகருய்யா" என்றது பின்வரிசை.

வரிசையை விட்டு விலகியவர், பக்கத்துப் பெட்டிக்கடையில் சோடாவும் ஊறுகாயும் வாங்கினார்.

"இத வைக்கிறேன் சார். மீதிய அவரு பாத்துக்கட்டும்."

நான் வைன் கேட்டதும் கடைக்காரர், "வூட்ல விசேசமா சார்?" என்றார். "இல்லை, மழை" என்றேன்.

மழையும் பொருத்தமாகத்தான் பெய்கிறது. பாட்டிலைத் திறக்காமல் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

சோடாவுக்கும் ஊறுகாய்க்கும் காகம் வருமா? அனுபவம் உள்ளவர்கள் விடிவதற்குள் சொல்லவும்.