நானாகச் சேர்த்துச் சொன்ன ஒரு வரி

2009-ல் திருவள்ளூரில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மதியம் எங்கள் மேடம் வகுப்பில் ஒரு கதை வாசித்தார். ஒரே தெருவில் வளரும் இரண்டு சிறுமிகள். ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறாள். வருஷங்கள் கழித்துச் சந்திக்கிறார்கள், அழுகிறார்கள், மறுபடியும் சேர்ந்துவிடுகிறார்கள். வாசித்து முடித்ததும், "உங்க சின்ன வயசு ஃப்ரெண்ட்ஷிப்ப இதோட பொருத்திப் பாத்துப் பேசுங்க" என்றார். ஒவ்வொருத்தியாக எழுந்து சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள். என் முறை வந்தபோது தலைவலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. ஒன்றாவதிலிருந்து ஒன்பதாவது வரை ஒரே பெஞ்ச். எனக்குக் கணக்கு வராது. பள்ளிக்கு நடக்கிற வழியெல்லாம் வாய்ப்பாடு கேட்டுக் கேட்டு என்னை பாஸ் பண்ண வைத்தவள் அவள்தான். எனக்கு உடம்பு முடியாத நாட்களில் என் பையையும் சேர்த்துத் தூக்கி வருவாள். முத்து முத்தாக எழுதுவாள். பள்ளிக்கு யாராவது பெரிய மனிதர்கள் வந்தால் கரும்பலகையில் 'நல்வரவு' எழுத அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒன்பதாவது முழுப்பரீட்சை லீவு. லோடு ஏற்றும்போது விழுந்து இடுப்பு உடைந்த அவள் அப்பா படுக்கையில் இருந்தார். இனிமேல் படிக்க வைக்க முடியாது என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். என் அப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு ஆள் சேர்த்துவிடும் மேஸ்திரி. லீவில் மட்டும் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டால் நோட்டு, யூனிஃபார்ம் வாங்கிக்கொண்டு என்னோடு பத்தாவது வந்துவிடுவாள் என்று யோசனை சொன்னது நான்தான். "சின்னப் பொண்ணு, வேணாம்" என்றார் அப்பா. இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். ரிஜிஸ்டரில் பேர் எழுதாமலே சேர்த்துவிட்டார்.

பதினோராம் நாள், பிரஸ் மெஷினில் அவள் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே விசாரணைக்கு ஓர் அதிகாரி வரப்போவதாகத் தெரிந்தது. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அது வேலைக்கு வரல, அங்க இருக்கற அவங்க சித்திக்கு சோறு குடுக்க வந்துச்சுன்னு சொல்லு. இல்லாங்காட்டி அப்பாவ புட்ச்சிகினு பூடுவாங்க" என்றார். 

அதிகாரி அவள் வீட்டுக்கு வந்தபோது என்னையும் கூப்பிட்டார்கள். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் வேலைக்குத்தான் சார் போனேன். வேணும்னா இவளக் கேளுங்க" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"இல்ல சார், அவங்க சித்திக்கு சோறு குடுக்கத்தான் போனா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.  "அவ எப்பவுமே அப்டித்தான் சார். எதையாச்சும் நோண்டிக்கினே இருப்பா" என்றேன். அந்த இரண்டாவது வரியை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவர் எழுதிக்கொண்டார்.  அவள் அம்மாதான், "நீயாம்மா இப்டி சொல்ற?" என்று கேட்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி அவள் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நஷ்டஈடும் தரவில்லை. ஜூன் மாதம் நான் பத்தாவது போனேன். அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு புதுவாயல் பக்கம் போய்விட்டார்கள். அவளுக்குக் கல்யாணமானதுகூட யார் யாரோ சொல்லித்தான் தெரியும்.

கதை வாசித்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை, விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதையில் நடந்தது எங்களுக்கும் நடக்கும் என்று பஸ்ஸில் வழி நெடுக நம்பிக்கொண்டிருந்தேன். வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. ஸ்டூல் எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சொல்லிக்கொடுத்தது எது, நானாகச் சேர்த்தது எது என்று பிரித்துப் பிரித்துச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. கடைசி வரை கேட்டாள்.

"இதச் சொல்லத்தான் வந்தியா?"

தலையாட்டினேன்.

"சொல்லிட்ட. இப்ப கொஞ்சம் நல்லா கீதா உனக்கு?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். 

"எனக்கு ஒண்ணும் மாறலடி" என்றாள். "எந்த கம்பெனில போய் நின்னாலும் மொதல்ல கையத்தான் பாக்கறாங்க. உன்மேல கோவம்லாம் இல்ல. ஆனா நீ மறுபடி வராத. உன்னப் பாத்தா நான் பத்தாவது போகாம நின்னதுதான் ஞாபகம் வருது."

உள்ளே குழந்தை அழுதது. எழுந்து போனாள். திரும்பி வருவாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. நடந்து வந்து நெடுஞ்சாலையில் பஸ் ஏறினேன். இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது.

அதன் பிறகு நான் போகவில்லை. இப்போது எனக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், கரும்பலகையில் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். உண்மையைச் சொல் என்று ஒரு முறை, திரும்பி வராதே என்று ஒரு முறை, அவள் என்னிடம் கேட்டது இரண்டுதான். இரண்டாவதை மட்டும்தான் என்னால் இன்றுவரை செய்ய முடிந்திருக்கிறது.