முப்பது நாள் வாத்தியார்

காத்திருப்பதற்கு உலகப் போட்டி வைத்தால் தபாகா ஊரின் ஓகேட்டோவுக்குத்தான் முதல் பரிசு. இரண்டாம் பரிசை வாங்க ஆளிருக்காது. மற்றவர்களெல்லாம் காத்திருந்தே செத்திருப்பார்கள். விக்டோரியா ஏரி வற்றி, அதன் அடியில் சோளம் விதைத்து, அறுத்து, ஊகாலிக் களி கிண்டித் தின்றுவிட்டு, கை கழுவத் தண்ணீரில்லையே என்று ஊரே விழிக்கும்போதும் அவனுடைய ஆசிரியர் பதிவு எண் வந்திருக்காது.

கல்லூரி முடித்துச் சான்றிதழோடு ஊர் திரும்பியவன் அவன். பள்ளியில் ஓர் இடம் காலியாக இருந்தது. தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: பள்ளி திறப்பதற்குள் ஆசிரியராகப் பதிந்த எண்ணோடு வந்தால் இடம் அவனுக்கு, இல்லாவிட்டால் கிசி நகரத்திலிருந்து வேறொருவர் வருவார். அதுவரை வயிற்றுப்பாட்டுக்கு ஓகேட்டோவும் ஊரின் கல் பொம்மைக் கொட்டகையில் உட்கார்ந்து, மாக்கல் நீர்யானைகளைத் தண்ணீரில் முக்கி உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தன நாளாகும்னு சொன்னாங்க தம்பி?" என்று கெருபோ அக்கா தினமும் கேட்பாள். கொட்டகைக்கு மேஸ்திரி அவள்தான்.

"முப்பது நாள்க்கா."

"எந்த முப்பது? போன மழைக்கு முந்தின முப்பதா?"

கொட்டகையே சிரிக்கும், மொகேய்ராவைத் தவிர. பதினாறு வயதுப் பெண், பாதியில் நின்ற படிப்பு, முழுசாக வளர்ந்த சந்தேகம், இதுதான் மொகேய்ரா. பதிவுக்கு வேண்டிய மற்ற காகிதங்களெல்லாம் சரியாக இருக்க, போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்று மட்டும் ஏன் வராமல் இழுக்கிறது? ஒருவனை நல்லவன் என்று சொல்லப் போலீசுக்கு இவ்வளவு யோசனையா?

போதாததற்கு அவன் கைகள் வேறு. காலையில் பார்த்தவனுக்கே மதியமும் கைகொடுக்கும் ஊரில், ஓகேட்டோ கொஞ்ச நாளாக மணிக்கட்டை நீட்டுகிறான். சாயங்காலமானால் விரல்களில் வெண்ணெய்ப்பழத்தைப் பூசி, பிளாஸ்டிக் பைகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வேலி இடுக்கில் கண் வைத்து மொகேய்ராவே பார்த்தாள்.

"அக்கா, இந்தாளு எங்கயோ மாடு திருடிட்டு வந்திருக்காரு."

"அவனா? கோழி துரத்தினாலே ஓடுறவன்டி."

"அதெல்லாம் நடிப்பு."

பொறி வைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். அடுத்த நாள் மூச்சிரைக்க அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள். "வாத்தியாரே, ரோட்டு முனையில போலீஸ் வந்து நிக்கிது. உங்க பேரச் சொல்லிக் கேட்டாங்க." சொல்லிவிட்டு வாழைத்தோப்புக்குள் பதுங்கினாள். பின்பக்கமாக ஓடினால் திருடன்.

ஓகேட்டோ உள்ளே போய் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். ஷூவுக்குள் காலைத் திணித்தான். முன்வாசல் வழியாக, ரோட்டைப் பார்த்து, கல்யாணப் பந்திக்கு ஓடுகிறவனைப் போல ஓடினான். "சான்று வந்துடுச்சு போல!" என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் கத்திக்கொண்டே போனான்.

வாழை மறைவில் மொகேய்ரா கண்ணைக் கசக்கினாள். கொசு புகுந்துவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

திரும்பி வந்தவன் புழுதி படிந்த ஷூவைக் கழற்றினான். "ஒருத்தரும் இல்லையே."

"போயிருப்பாங்க," என்றாள் தோப்பிலிருந்து வெளியே வந்த மொகேய்ரா. பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், "அப்படி என்னதான் பண்ணினீங்க வாத்தியாரே? போலீஸ் ஏன் சான்று தர மாட்டேங்குது?"

அவன் விரல்களை விரித்துக் காட்டினான். நுனிகள் தேய்த்த கல்லைப் போல வழவழவென்று இருந்தன. "சான்றுக்கு வெக்கிற ரேகை விழ மாட்டேங்குது. தண்ணியும் உப்புத்தாளும் தின்னுடுச்சு. கொஞ்ச வாரம் கல்லத் தொடாம இருந்தா திரும்ப வளருமாம். தொடாம இருந்தா நான் எதத் திங்கிறது?"

"தின்னுறதக் குறைங்க. தொப்பையாவது கரையும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பிறகு சந்தேகப்படுவது ஓகேட்டோவின் முறையாயிற்று. மதியம் எல்லோரும் சாப்பிடப் போய்த் திரும்பினால், அவன் சாக்கில் சொரசொரப்பாக விட்டுப்போன நீர்யானைகள் மழமழவென்று கிடக்கும். யாரோ கல்லை மாற்றுகிறார்களா? பள்ளி இடத்துக்கு ஆசைப்படும் எவனாவது சூனியம் வைக்கிறானா? கெருபோ அக்காவைக் கேட்டான், அவளுக்குத் தெரியவில்லை. மொகேய்ராவைக் கேட்டான்.

"நீர்யானைப் பேயா இருக்கும். நீங்க கல்லத் தொடாதீங்க, அதுக்குக் கோவம் வரும்."

பேய்க்குப் பயந்தோ எதற்கோ, அவன் கல்லைத் தொடவில்லை; சாக்குக்குரிய கூலி மட்டும் அவனுக்குத் தவறாமல் வந்தது. சில வாரம் கழித்து ஒருநாள் போலீஸ் நிலையம் போய் மறுபடி ரேகை கொடுத்துவிட்டு வந்தான்.

பள்ளி திறக்கும் வாரம். மதியம் கொட்டகை காலியாக இருந்தது. கைகளை முழங்கை வரை தண்ணீரில் விட்டு மொகேய்ரா தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கத் தட்டியை விலக்கிக்கொண்டு ஓகேட்டோ உள்ளே வந்தான். கையில் செல்போன்.

"யாரு? நீயா?"

அவள் கையிலிருந்த நீர்யானை தொட்டிக்குள் நழுவியது. "திருட வந்தேன். சத்தம் போடாதீங்க."

அவன் செல்போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். அவன் பெயர், அதன் கீழே ஆசிரியர் பதிவு எண்.

"வந்துடுச்சா? அப்ப போய்ச் சேருங்க. நான் திருடிட்டுப் போறேன்."

"திருட வர்றவ," என்றான் ஓகேட்டோ, "கல்லத் தேச்சு, மெழுகு போட்டு, திரும்ப என் சாக்குலயே கட்டி வெப்பாளா?"