நாவலுக்குள் நடந்த கல்யாணத்துக்கு ஒரு சுருள்

நூலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டவன் நான். பெரிய சண்டை ஒன்றுமில்லை. என் மகள் நித்யா எடுத்து வந்த புத்தகம் செங்கல் தடிமன் இருந்தது. திறந்தால் பக்கத்துக்குப் பத்து வரி, வரிக்கு நாலு சொல், மிச்சமெல்லாம் வெள்ளை. ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான். அச்சுக்கோளாறு என்று நானே முடிவுகட்டினேன். அயர்லாந்தின் கார்க் நகரில் பஸ் ஓட்டுகிற கன்னியாகுமரிப் பக்கத்துக் கொட்டாரத்துக்காரன் நான், வேலை முடிந்த கையோடு யூனிபாரத்திலேயே போய், "பாதி வரிகளைக் காணோம்" என்று புத்தகத்தை நீட்டினேன். நூலகர் அம்மாள் பொறுமையாகச் சொன்னார்: "எதுவும் காணாமல் போகவில்லை. இது வெர்ஸ் நாவல். முழுக்கதையையும் கவிதையிலேயே சொல்வது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது இதுதான் பிரியம்." விஷயம் தெரிந்ததும் நித்யா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அப்பா, ப்ளீஸ்" என்றாள், அவ்வளவுதான்.

அவளுக்குப் பதினான்கு வயது. என்னிடம் முழு வாக்கியம் பேசி மாதக்கணக்காகிறது. "பசிக்கல." "தெரியாது." "அப்புறம்." இவள் பேச்சே ஒரு வெர்ஸ் நாவல்தான் என்று என் மனைவி செல்வியிடம் கேலி பண்ணுவேன். ஆனால் உள்ளுக்குள் பயம். சாத்திய கதவுக்குப் பின்னால் இந்தப் பிள்ளை என்னத்தை நினைக்கிறது, அதில் நான் எங்காவது இருக்கிறேனா என்ற பயம். ஒரு விடுமுறை நாளில், அவள் பள்ளிக்குப் போனபின், அந்தப் புத்தகத்தை நானே வாசித்தேன். அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் கதை. நாலு சொல் சொல்கிறாள், நிறுத்திக்கொள்கிறாள். அடுத்த வரிக்குப் போகுமுன் நமக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. மனசில் இருப்பதைச் சேர்ந்தாற்போல் சொல்ல வராத வயதுக்கு இது தோதான எழுத்து என்று புரிந்தது. என் வயதுக்கும் தோதுதான்.

பாட்டில் கதை கேட்பது எனக்கு மட்டும் புதிதா என்ன? எங்களுடையது அய்யாவழிக் குடும்பம். ஊரில் வழிபாட்டு இடமான நிழல் தாங்கலில் அய்யாவின் கதையைப் பாட்டாகச் சொல்லும் ஏட்டை நாள்கணக்காக வாசிப்பார்கள். ஒருவர் ராகம் போட்டு வாசித்து, நிறுத்திப் பொருள் சொல்வார்; மற்றவர்கள் உட்கார்ந்து கேட்போம். இங்கே பிள்ளை வாய் திறக்காமல் வாசிக்கிறது. அங்கே வாய் திறக்காத வாசிப்பே கிடையாது. திருக்கல்யாண ஏடு வாசிக்கும் நாளில், ஏட்டுக்குள் நடக்கிற கல்யாணத்துக்கு மெய்யாகவே சுருள் என்கிற கல்யாணச் சீர் கொண்டு வருவார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, எங்கள் ஊர் வாழையான மட்டிப்பழம், தேங்காய், பூ. தலைப்பாகை கட்டிய அப்பாவின் பின்னால் நானும் தங்கை சுதாவும் தட்டு ஏந்திப் போயிருக்கிறோம். கல்யாணம் வாசிக்கிற இடத்துக்கு வெறுங்கையோடு போகலாமா?

அந்தச் சுதாவின் கல்யாணத்துக்குத்தான் நான் போகவில்லை. கொரோனாக் காலம், விமானங்கள் நின்றிருந்தன. மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கைபிடித்துப் பந்தலுக்குள் கூட்டிவர வேண்டியவன் பெண்ணின் அண்ணன். என் இடத்தில் சித்தப்பா மகன் நின்றான். நான் போனில் பார்த்தேன். தாலி கட்டும் நேரம் பார்த்து நெட் போய்விட்டது. சுதா கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் தேவலை. முன்பெல்லாம் "ஏ அண்ணே" என்று தொடங்கினால் ஒரு மணி நேரம் பேசுகிறவள், அதன்பின் "சுகமா? சாப்பிட்டியளா?" என்பதோடு போனைச் செல்வியிடம் கொடுக்கச் சொல்லிவிடுவாள். நீ, வா, போ என்று பேசியவள் மரியாதை கொடுத்ததுதான் எனக்கு வலித்தது.

இந்த வருஷம் நித்யாவின் பள்ளியில் ஆளுக்கொரு வெர்ஸ் நாவல் எழுதி, ஒரு பகுதியைப் பெற்றோர் முன்னால் வாசிக்க வேண்டும் என்றார்கள். "என்னத்த மக்களே வாசிக்கப் போற?" என்று மகளிடம் கேட்டேன். "கல்யாணம்." "யாருக்கு?" "அத்தைக்கு." கதவு சாத்திக்கொண்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசிக்கிற நாளன்று காலையிலேயே இந்தியக் கடைக்குப் போய் வெற்றிலை, பாக்கு, தேங்காய் வாங்கினேன். மட்டிப்பழத்துக்கு எங்கே போக? மணமே இல்லாத சூப்பர்மார்க்கெட் பழம்தான். செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்: "பள்ளிக்கூடத்துக்கு யாராவது சுருளு கொண்டுபோவாங்களா? பிள்ளைக்க மானம் போவும், கேட்டியளா." நான் கேட்கவில்லை.

வாசலில் ஆசிரியை தட்டைப் பார்த்து, "ஓ, தேநீர் மேசைக்கா?" என்றார்.

"இல்லை, கல்யாணத்துக்கு."

"யாருடைய கல்யாணம்?"

"புத்தகத்தில் வருகிற கல்யாணம்."

அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, "வாழ்த்துகள்" என்று சொல்லி மெல்ல நகர்ந்தார். மூன்றாம் வரிசையில் மடியில் தட்டோடு உட்கார்ந்தேன். மேடை ஏறிய நித்யா என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், முகம் சிவந்துவிட்டது. போச்சு, இனி அரை வார்த்தைகூடக் கிடைக்காது என்று நினைத்தேன். அவள் ஆங்கிலத்தில்தான் வாசித்தாள், எனக்குத் தமிழில் கேட்டது:

பந்தல் வாசலில்
என் அப்பா.
மாப்பிள்ளையின் கை
அவர் கையில்.
பஸ்ஸைத் திருப்புகிற
அதே கவனத்தோடு
கூட்டி வருகிறார்.

போகாத கல்யாணத்துக்கு என் மகள் என்னை அனுப்பிவைத்திருந்தாள். அழுதேன், மறைக்கவில்லை. அத்தையிடம் போனில் கேட்டுக் கேட்டு எழுதியதாம் அத்தனையும். எனக்குத்தான் தெரியவில்லை.

காரில் ஏறியதும் நித்யாவே சுதாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, தட்டு விவகாரத்தைப் போட்டுக்கொடுத்தாள். சுதா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏ அண்ணே! சுருளா கொண்டுபோன? நீ பொண்ணுக்க அண்ணன்லா. உள்ள நின்னு வாங்கி வைக்க வேண்டிய ஆளு, விருந்துக்கு வந்தவன் மாதிரி தட்டத் தூக்கிட்டுப் போயிருக்கியே!" சிரித்துக்கொண்டே இருந்தவளின் குரல் உடைந்தது. "அன்னைக்கு நான் வாசலயே பாத்துட்டு இருந்தேன், தெரியுமா?"

"தப்புதான் சுதா" என்றேன். நாலு வருஷமாகச் சொல்ல வராத வார்த்தை. அவள் நீ என்று சொன்னதே எனக்குப் போதும். ஆனால் மனசு அவள் பார்த்துக்கொண்டிருந்த அந்த வாசலுக்கே போய்விட்டது. கொட்டாரத்துப் பந்தல் வாசலில், வருகிறவர்களை வாங்க வாங்க என்று அழைத்துக்கொண்டு, விருந்தாளியின் தட்டையும் கையில் பிடித்தபடி நிற்கிறேன். அந்தத் தட்டை வாங்கி வைக்க வேண்டியவனும் நான்தான்.